விக்டோரியா தினத்துக்கு முன் நட்ட கத்தரி

ரொறன்ரோவில் ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் நல்ல வெயில் எறித்தால் போதும், கடைவாசல்களில் கன்றுத் தட்டுகள் வந்து இறங்கிவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் பசேலென்று நிற்கும். ஆறு மாதமாக மொட்டை மரங்களையே பார்த்த கண் அதை விட்டுவிட்டு வருமா? வாங்கிவந்து அன்று பின்னேரமே பின்வளவில் நட்டுவிடுகிறோம். கன்றை விற்பதோடு கடைக்காரர் கடமை முடிந்தது. அதற்குப் பிறகு வரும் இரவுகள் நட்டவர் பாடு.

தென் ஒன்ராறியோவில் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. மே 24ஆம் தேதியோ அதற்குச் சற்று முன்போ வரும் திங்கட்கிழமை விக்டோரியா தினம். குளிர் தாங்காத கன்றுகளை அந்த நீண்ட வார இறுதிவரை நிலத்தில் வைக்கக் கூடாது என்பார்கள். விக்டோரியா ராணியின் பிறந்தநாளுக்கும் நம் கத்தரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விடுமுறை வந்து விழுந்த இடம் வசதியாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். ஜேர்மன் தோட்டக்காரர்களுக்கு இதே வேலையை மே 11 முதல் 15 வரையான ‘பனிப் புனிதர்’ நாட்கள் செய்கின்றன. கடைசியாக வரும் புனித சோபியாவின் நாள் கழிந்த பிறகே தக்காளியை வெளியே விடுவது அங்குள்ள வழக்கம். இந்த நாட்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு புள்ளிவிபரம் ஒளிந்திருக்கிறது.

விதைப் பொட்டலங்களில் ‘கடைசி உறைபனிக்கு எட்டு வாரம் முன்’ என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கடைசி உறைபனி நாள் எங்கிருந்து வருகிறது? ஒரு வானிலை நிலையத்தின் முப்பது ஆண்டுப் பதிவை எடுக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் வெப்பமானி கடைசியாக 0 பாகைக்கு இறங்கிய நாள் எது என்று குறிக்கிறார்கள். அவற்றின் நடுவில் விழுவதே நம் கைக்கு வரும் தேதி. நடு என்றால், ஏறக்குறையப் பாதி ஆண்டுகளில் அதற்குப் பிறகும் உறைபனி வந்திருக்கிறது என்று பொருள். பனி ஓய்ந்துவிடும் நாள் என்று அதை வாசிப்பவர்கள்தான் மே மாதத்தில் இரண்டாம் முறை கன்று வாங்கப் போகிறவர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ஊரின் நடுத்தேதி மே 5 என்றும், ஆண்டுக்கு ஆண்டு அது அலைகிற நியம விலகல் 10 நாள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மே 5இல் நட்டால் உறைபனியில் மாட்டும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அதைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க மே 18 வரை பொறுக்க வேண்டும். இருபதில் ஒன்றாக்க இன்னும் மூன்று நான்கு நாள். விக்டோரியா தினம் எப்போதும் மே 18க்கும் 24க்கும் இடையில்தான் வரும். நிகழ்தகவு படிக்காத பழைய தோட்டக்காரர்கள் பட்டுப்பட்டு வந்து சேர்ந்த இடம் அது.

ஆனால் எல்லாப் பயிருக்கும் ஒரே நாள் பார்ப்பதில்தான் நம்மவர்கள் பலர் தவறுகிறார்கள். பட்டாணியை எடுங்கள். இளங்கன்று உறைபனியைச் சாதாரணமாகத் தாங்கும். அதற்கு ஆகாதது ஜூலை வெயில். பட்டாணிக்கும் விக்டோரியா தினம்வரை காத்திருந்தால் பூக்கும் நேரத்தில் வெப்பம் வந்து கெடுத்துவிடும். மண் கையில் உதிரத் தொடங்கிய உடனே, ஏப்ரலிலேயே, அதை ஊன்ற வேண்டும். கீரை வகையில் பசளி, முள்ளங்கி, கடுகு எல்லாம் இந்தக் கூட்டம். கொத்தமல்லியும் அப்படித்தான். கனடாவில் கொத்தமல்லி சரிவராது, இலை வருவதற்கு முன் பூத்துவிடுகிறது என்று குறைப்படுகிறவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஜூனில் விதைத்திருப்பார்கள். வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்து அதைப் பூவுக்குத் தள்ளுகின்றன. ஏப்ரல் கடைசியில் விதைத்தால் இலேசான உறைபனியைப் பொறுத்துக்கொண்டு தழைக்கும்.

கத்தரி, வெண்டி, பாகல், புடலை, பயற்றங்கொடி இவற்றின் கதை நேர்மாறு. இவற்றுக்கு உறைபனி வரவே தேவையில்லை. 10 பாகைக்குக் கீழே சில இரவுகள் போதும். வெப்பமண்டலப் பயிர்களின் கலச்சவ்வில் உள்ள கொழுப்பு அந்தக் குளிரில் இறுகத் தொடங்குகிறது. சவ்வு தன் வேலையைச் செய்ய முடியாமல் கலத்தின் உள்ளடக்கம் கசிகிறது. வேர் நீர் உறிஞ்சுவதும் மந்தமாகிறது. கன்று சாகாது. ஆனால் மஞ்சளடித்து, வளர்ச்சி நின்று, ஜூன் முழுவதும் அப்படியே குந்திக்கொண்டிருக்கும். மே முதல் வாரம் நட்ட கத்தரியும் ஜூன் முதல் வாரம் நட்ட கத்தரியும் அடுத்தடுத்து நின்றால், ஜூலையில் பிந்தி நட்டதே முந்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். முந்தி நட்டு ஆபத்தை ஏற்பதில் ஒரு ஆதாயம் இருக்க வேண்டுமே. கத்தரியில் அது இல்லை. காற்றின் வெப்பத்தைவிட மண்ணின் வெப்பத்தைப் பார்ப்பது இங்கே உதவும். இறைச்சி வெந்ததா என்று பார்க்கும் வெப்பமானியைக் காலையில் நான்கு விரல் ஆழத்துக்கு மண்ணில் குத்துங்கள். 18 பாகைக்கு மேல் நிலையாக நின்றால் வெண்டி விதை போடலாம். அதற்குக் கீழே போட்ட விதை முளைப்பதற்குப் பதிலாக அழுகும்.

இனி, உறைபனி நாளைக் குறிக்கும் அந்த வெப்பமானி விஷயம். வானிலை நிலையத்து வெப்பமானி நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. நம் கன்று நிற்பது ஒரு சாண் உயரத்தில், திறந்த வானத்தின் கீழ். இரண்டும் ஒரே குளிரை உணர்வதில்லை. ‘இன்றிரவு 3 பாகை’ என்று கைபேசி சொன்ன இரவுக்கு மறுநாள் காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடப்பதன் காரணம் இதுதான்.

இரவில் நிலமும் இலையும் தம் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேல்நோக்கி விட்டுக்கொண்டே இருக்கின்றன. 0 பாகையில் உள்ள ஒரு பரப்பு, சதுர மீற்றருக்கு 300 வாற்றுக்குச் சற்று மேல் வெளியிடும். முகில் மூடியிருந்தால் அதில் பெரும்பகுதியை முகில் திருப்பித் தந்துவிடுகிறது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் திரும்பி வருவது குறைவு. சதுர மீற்றருக்கு 70 முதல் 100 வாற்று நிகர நட்டம். காற்று வீசினால் மேலிருக்கும் சூடான காற்று கீழே கலந்து ஈடுசெய்யும். காற்றும் இல்லாவிட்டால் இலை சுற்றியுள்ள காற்றைவிடப் பல பாகை குளிர்ந்துபோகும். அதைத் தொட்டு நிலத்தை ஒட்டிய காற்று குளிர்கிறது. பத்து மீற்றர் மேலே ஏறினால் அங்கே காற்று இதமாக இருக்கும். முழுநிலா இரவில் பனி கொல்லும் என்று பல நாடுகளில் நம்புகிறார்கள். நிலா ஒன்றும் செய்யவில்லை. முகில் இல்லாத இரவில்தான் நிலா தெரிகிறது, அதே இரவில்தான் வெப்பமும் தப்பிப் போகிறது.

வெப்பம் இப்படி வானத்துக்குத் தப்புவதைச் சோதித்துக் காட்டியவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்ற இலண்டன் மருத்துவர். 1814இல் பனித்துளி பற்றி அவர் வெளியிட்ட நூல் இன்றும் பரிசோதனை முறைக்கு நல்ல உதாரணமாகச் சொல்லப்படுகிறது. புல்தரையில் நான்கு குச்சிகளை நட்டு, புல்லுக்கு ஆறு அங்குலம் மேலே ஒரு மெல்லிய கைக்குட்டையை இழுத்துக் கட்டினார். பக்கங்கள் எல்லாம் திறந்தே இருந்தன. காற்று தாராளமாகப் போய்வரலாம். ஆனாலும் கைக்குட்டைக்குக் கீழிருந்த புல், அருகே திறந்து கிடந்த புல்லைவிடச் சில இரவுகளில் 4 முதல் 6 பாகை செல்சியஸ் வரை சூடாக இருந்தது. மெல்லிய பாயால் செடியை மூடிக் காக்கும் தோட்டக்காரர்களைப் பார்த்து ஒரு காலத்தில் தான் சிரித்ததுண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். பாய் குளிர்காற்றைத் தடுக்கவில்லை. செடிக்கும் வானத்துக்கும் நடுவே நின்றது, அவ்வளவே.

இதைப் புரிந்துகொண்டால் பின்வளவைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். எந்தப் பாத்தியில் நின்று நிமிர்ந்தால் அதிக வானம் தெரிகிறதோ அங்கேதான் உறைபனி முதலில் விழும். வீட்டின் தெற்குச் சுவரோரம் பாதி வானத்தைச் சுவர் மறைக்கிறது. பகலில் செங்கல் வாங்கிய வெயிலையும் இரவில் திருப்பித் தருகிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்த இடத்தைக் கொடுங்கள். வளவின் தாழ்ந்த மூலை வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரிப் பள்ளம் தேடி வடிந்து, மறித்த இடத்தில் தேங்கும். சரிவின் அடியில் இடைவெளியில்லாமல் அடித்த மரவேலி ஒரு அணைக்கட்டு. வேலிப்பலகையின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்று வடிந்துபோக வழி கிடைக்கும்.

வெப்பத்தை வாங்கித் திருப்பித் தரும் அந்தச் சுவரின் வேலையைப் பெரிய அளவில் ஒன்ராறியோ ஏரி செய்கிறது. அதன் சராசரி ஆழம் 86 மீற்றர். அவ்வளவு நீர் சூடாகவும் நாளெடுக்கும், ஆறவும் நாளெடுக்கும். இலையுதிர் காலத்தில் கோடை வெப்பத்தை மெல்ல விட்டுக் கரையோரத்தின் முதல் உறைபனியைத் தள்ளிப்போடுகிறது. வசந்தத்தில் அது செய்யும் உதவி விசித்திரமானது: கரையைக் குளிராக வைத்திருந்து, பழமரங்களின் மொட்டுகளைச் சீக்கிரம் விரியவிடாமல் பிடித்துவைக்கிறது. பூ விரியும்போது ஆபத்து பெரும்பாலும் கழிந்துவிடும். கனடாவில் நயாகரா கரையோரத்தில் பீச் பழமும் திராட்சையும் விளைவதற்கு இது ஒரு முக்கிய காரணம். அந்தத் திராட்சைத் தோட்டங்களில் உயரமான கம்பத்தில் பெரிய விசிறிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை மின்சாரம் எடுக்கும் காற்றாலைகள் என்று நினைப்பவர்கள் உண்டு. உறைபனி இரவில் மேலே நிற்கும் இதமான காற்றைக் கீழே இறக்குவதே அவற்றின் வேலை.

விரியாத மொட்டுக்கும் விரிந்த பூவுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல. நடுக்குளிர்காலத்தில் உறங்கும் அப்பிள் மொட்டு மைனஸ் 25 பாகையையும் தாங்கும். அதே மரம் பூத்து நிற்கும்போது மைனஸ் 2 பாகையில் பத்தில் ஒரு பூ கருகும். மைனஸ் 4இல் பத்தில் ஒன்பது போய்விடும். 2012 மார்ச்சில் தென் ஒன்ராறியோவில் வெப்பநிலை 20 பாகையைத் தாண்டியது. அப்பிள் மரங்கள் வாரக்கணக்கில் முந்திப் பூத்தன. ஏப்ரலில் வழக்கமாக வரும் உறைபனி வழக்கம்போலவே வந்தது. மாகாணத்தின் அப்பிள் விளைச்சலில் ஏறக்குறைய 80 விழுக்காடு அந்த ஆண்டு கிடைக்கவில்லை. பக்கத்து மிச்சிகனில் நட்டம் இன்னும் அதிகம். பூமி சூடாகிறதே, இனி உறைபனிக் கவலை குறைந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் இந்த ஆண்டைத்தான் காட்டுவேன். கடைசி உறைபனி ஒரு வாரம் முந்தினால் போதாது. மரம் இரண்டு வாரம் முந்தி விழித்தால் ஆபத்து கூடித்தான் போகிறது.

உறைபனி இலையை எப்படிக் கொல்கிறது? கலத்துக்குள் நீர் உறைந்து வெடிப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பனிக்கட்டி முதலில் தோன்றுவது கலங்களுக்கு இடையிலுள்ள வெளியில். அந்தக் கட்டி கலத்துக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. கலம் வற்றிச் சுருங்குகிறது, சவ்வு சிதைகிறது. காலையில் வெயில் பட்டதும் இலை வேகவைத்த கீரைபோல் தொங்குவது இதனால். குளிருக்குப் பழகிய பயிர் முன்கூட்டியே கலத்தில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு நீர் வெளியேறுவதைக் குறைக்கிறது. ஒக்ரோபர் பனிக்குப் பிறகு கேல் கீரையும் கரட்டும் இனிப்பது அந்தச் சர்க்கரையால்தான்.

இன்னொரு வினோதமும் உண்டு. தூய நீர்த்துளி 0 பாகையில் உறைந்தாக வேண்டும் என்றில்லை. பனிப்பளிங்கு கட்டத் தொடங்க ஒரு கரு வேண்டும்; அது இல்லாவிட்டால் மைனஸ் 30 தாண்டியும் நீராகவே இருக்கும். இலைகளில் அந்தக் கருவைத் தருவது பல நேரம் ஒரு பக்ரீரியா: சூடோமோனாஸ் சிரிங்கே. அதன் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம் மைனஸ் 2 பாகையிலேயே நீரைப் பனியாக அடுக்கத் தொடங்கிவிடும். கலிபோர்னியாவில் ஸ்டீவன் லின்டோ என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை நீக்கிய பக்ரீரியாவை உருவாக்கினார்கள். இலையில் முதலில் இது குடியேறினால் பனி பிடிக்கும் வகைக்கு இடமிருக்காது என்பது எண்ணம். 1987இல் ஸ்ட்ரோபெரி வயலில் அதைத் தெளித்தார்கள். மரபணு மாற்றிய உயிரி திறந்த வெளிக்கு அனுமதியோடு விடப்பட்ட முதல் நிகழ்வு அதுதான். எதிர்ப்பு பலமாக இருந்தது, பொருள் சந்தைக்கு வரவேயில்லை. மாறாத பழைய பக்ரீரியாவைக் கொன்று தூளாக்கி, சறுக்கு விளையாட்டு மலைகளில் செயற்கைப் பனி செய்ய விற்கிறார்கள். விவசாயி விரட்ட நினைத்ததை இன்னொருவர் காசு கொடுத்து வாங்குகிறார்.

நம் வளவுக்குத் திரும்புவோம். முன்னறிவிப்பில் மூன்றைப் பாருங்கள்: வானம் தெளிவா, காற்று ஓய்வா, பனிபடுநிலை எவ்வளவு. மூன்றாவதை, அதாவது பனித்துளி படியத் தொடங்கும் வெப்பநிலையை, யாரும் கவனிப்பதில்லை. காற்றில் ஈரம் இருந்தால் பனித்துளி படியும்; படியும்போது அது விடும் மறைவெப்பம் குளிர்வதை மெதுவாக்கும். பனிபடுநிலை 0 பாகைக்கு வெகு கீழே என்றால் அந்தத் தடுப்பு இல்லை. வெள்ளையாக ஒன்றுமே படியாமல், காலையில் இலை கறுத்துக் கிடக்கும். ஆபத்தான இரவென்றால் பகலிலேயே பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிடுங்கள். ஈரமண் வெயிலை அதிகம் சேமித்து இரவில் விடும். வைக்கோல் மூடாக்கு அன்றைக்கு எதிரி, மண்ணின் வெப்பத்தை இலைக்கு வரவிடாது, ஒதுக்கிவிடுங்கள். பின்னேரம் வெயில் போவதற்கு முன் பழைய கொட்டன் சேலையைக் குச்சிகளில் தாங்கி, நிலம்வரை விழும்படி மூடுங்கள். சேலையைச் செடியின் கழுத்தில் முடிந்து கட்டுகிறார்கள் சிலர். அப்படிச் செய்தால் நிலத்தின் வெப்பம் செடிக்குச் சேராமல் வெளியே போகும். பிளாஸ்ரிக் விரிப்பு இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். எதனால் மூடியிருந்தாலும் காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

வசந்தத்தில் இப்படி மூடி மினக்கெடுவதைவிடப் பொறுத்திருப்பதே மேல் என்பது என் கட்சி. கன்றை வீட்டுக்குள் வளர்த்துக்கொண்டு பொறுக்கலாம்: மிளகாயும் கத்தரியும் மார்ச் தொடக்கத்தில் விதை, தக்காளி மார்ச் கடைசியில், பாகலும் புடலையும் ஏப்ரல் கடைசியில். கொடிகளை அதற்கு முன் போட்டால் யன்னலோரம் ஒன்றையொன்று பற்றிச் சிக்கெடுக்க முடியாமல் போகும். வெளியே வைப்பதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் நிழலில் தொடங்கி வெயிலும் காற்றும் பழக்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் கட்சி மாறிவிடுகிறேன். அப்போது மூடுவதில் கொள்ளை லாபம். முதல் உறைபனி ஓர் இரவோ இரண்டு இரவோ வந்து போகும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் இதமான நாட்கள் வருவது இந்தப் பக்கத்தில் வழக்கம். அந்த ஓரிரு இரவு சேலை போர்த்தியவர் வீட்டில் ஒக்ரோபர் நடுப்பகுதியிலும் மிளகாய் பறிக்கலாம். தக்காளிப் பூ பழமாகப் பழுக்க ஏழு வாரமளவில் ஆகும் என்பதால், ஓகஸ்ட் கடைசியில் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் பூ வீண். பாகலுக்கு அவ்வளவு அவசரமில்லை, பூத்து மூன்று வாரத்துக்குள் கறிக்காகும். உறைபனி எச்சரிக்கை வந்தால் முற்றிய பச்சைத் தக்காளியைப் பறித்து வீட்டுக்குள் வைத்தால் பழுத்துவிடும். சாடியில் நிற்கும் கறிவேப்பிலையும் முருங்கையும் உறைபனிவரை காத்திருக்கக் கூடாது. இரவு 10 பாகையைத் தொடத் தொடங்கும் செப்ரெம்பரிலேயே அவற்றை உள்ளே எடுக்க வேண்டும்.

இலையுதிர் காலத்துக்கென்று பசளியும் முள்ளங்கியும் விதைப்பவர்கள் பொட்டலத்தில் உள்ள நாட்கணக்கோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். பகல் சுருங்கச் சுருங்க வளர்ச்சி தளரும். நவம்பர் முதல் வாரம் கழிந்ததும் ரொறன்ரோவில் பகல் பத்து மணித்தியாலத்துக்கும் கீழே போய்விடும். அதற்குப் பிறகு செடி உயிரோடிருக்கும், வளராது.

அந்த நாட்கள் வருவதற்குள் நட்டுவிட ஒன்று இருக்கிறது: உள்ளி. ஒக்ரோபர் நடுவில் பல்லைப் பிரித்து மண்ணில் ஊன்றினால், நிலம் உறைவதற்குள் வேர்விட்டுக்கொள்ளும். நீண்ட குளிர் பட்டால்தான் அது பல்லுப் பல்லாகப் பிரியும். குளிர் போதாமல் வசந்தத்தில் நட்டது பல நேரம் ஒற்றைக் கிழங்காகவே நின்றுவிடும். ஜூனில் சுருண்டு வரும் பூந்தண்டை ஒடித்துக் கறிக்குப் போடலாம். கிழங்கு தோண்ட ஜூலை நடுப்பகுதி ஆகும். அந்தப் பாத்தி காலியானதும் இலையுதிர் காலப் பசளிக்குத் தயார்.